ஆன்டிபாடி 640-லிருந்து 74-க்கு இறங்கிவிட்டால் தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

கேட்டிருப்பவர் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். 2021 தொடக்கத்தில், சுகாதாரப் பணியாளர்களுக்குப் போட ஆரம்பித்த உடனேயே கொரோனாவுக்கான கோவிஷீல்ட் இரண்டு டோஸும் போட்டுக்கொண்டவர். அவருடைய மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காக ஊழியர்களிடம் மூன்று தவணையாக ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது டோஸ் முடிந்து ஒரு மாதத்தில் 640, மூன்றாம் மாதம் 210, ஆறாம் மாதம் 74. "ஹெபடைடிஸ் பி-க்கு 10 என்று ஓர் அளவு இருக்கிறதே, அதற்குக் கீழே போனால் மறுபடி ஊசி போடுகிறார்களே, கொரோனாவுக்கு ஏன் அப்படி இல்லை? கோவாக்சின் போட்ட என் தோழிக்கு எப்போதும் என்னைவிடக் குறைவாகவே வந்தது, அவள் ஊசி வீணா? இப்போது மறுபடி காய்ச்சல் கேஸ்கள் வருகின்றன, திரும்பவும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

எண்ணைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும் அவர் கேட்பது வேறு. வார்டில் நின்ற அந்த மாதங்களில் என் உடம்பில் பாதுகாப்பு இருந்ததா, இன்றைக்கு இருக்கிறதா, அதை ஒரு ரத்தப் பரிசோதனை எனக்குச் சொல்லுமா என்பதுதான் கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 640, 210, 74 என்ற இறக்கம், வேலை செய்த தடுப்பூசியின் இறக்கம்தான். தடுப்பூசி தோற்றதற்கு அது அடையாளம் இல்லை. இன்றைக்கு நீங்கள் போய் அதே டெஸ்டை எடுத்தால், வரும் எண்ணை வைத்து நீங்களோ உங்கள் மருத்துவரோ எடுக்கக்கூடிய முடிவு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் ரத்தம் கொடுத்த அந்த ஆய்வு வீணில்லை. இந்த மூன்றும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். பல வருடங்களாக ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் சீராலஜி (ரத்த சீரத்தில் ஆன்டிபாடி பார்க்கும்) பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஊழியர்களுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு ஆன்டிபாடி தொடர்ந்து பார்க்கும் வேலையையும் செய்திருக்கிறேன். நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை தருபவன் அல்ல. அதனால் ஆய்வகத்துக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்வேன், வார்டில் எடுக்க வேண்டிய முடிவுகளில் உங்கள் மருத்துவர் சொல்வதே சரி.

உங்கள் தாளில் முதலில் பார்க்க வேண்டியது அலகு. 640 என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்ன 640? கொரோனா ஆன்டிபாடி டெஸ்டுகளை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அளவுகோலில் வெளியிட்டன. அபாட் கருவியில் ஓட்டினால் மில்லிலிட்டருக்கு ஏயு என்று வரும், 50-க்கு மேல் பாசிட்டிவ். ரோச் கருவியில் வெறும் யு என்று வரும், 0.8-க்கு மேல் பாசிட்டிவ். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது அளவுகோலை ஏற்றுக்கொண்டது, அதன் அலகு பிஏயு. அபாட் எண்ணை 0.142-ஆல் பெருக்கினால் பிஏயு கிடைக்கும். ரோச் எண்ணும் பிஏயு எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக உங்கள் 640 அபாட் எண்ணாக இருந்தால் சுமார் 91 பிஏயு, ரோச் எண்ணாக இருந்தால் 650 பிஏயு-வுக்குப் பக்கத்தில். ஏழு மடங்கு வித்தியாசம்! பக்கத்து மருத்துவமனையில் வேலை செய்பவருக்கு 2000 வந்தது, எனக்கு 640 தான் என்று ஒப்பிட்டவர்கள் பலரும் இந்த அலகைப் பார்க்கவே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். 74 என்பது இரண்டு கருவியிலுமே பாசிட்டிவ் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆறாம் மாதத்திலும் உங்கள் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது.

எண் எப்படி உருவாகிறது என்பதையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மஞ்சள் மூடி ஜெல் ட்யூபில் ரத்தம் வரும். அரை மணி நேரம் உறைய விட்டு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் ஜெல்லுக்கு மேலே தெளிந்த சீரம் நிற்கும். அதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, எண் ஒட்டி, ஆழ்குளிர் பெட்டியில் வைப்போம். தொடர் ஆய்வில் இந்தக் கடைசிப் படி மிக முக்கியம். ஒரே சீரத்தை இன்றும் நாளையும் ஓட்டினால் எண் சில சதவீதம் மாறும். ரீஏஜென்ட் லாட் (டெஸ்டில் சேர்க்கும் வேதிப்பொருளின் தயாரிப்புத் தொகுதி) மாறினால் இன்னும் கொஞ்சம் மாறும். அதனால் ஒருவருடைய முதல் மாத, மூன்றாம் மாத, ஆறாம் மாதக் குப்பிகளை வைத்திருந்து ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில் ஓட்டுவதுதான் நல்ல முறை. எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய முடிந்ததில்லை, ரிசல்ட் உடனே வேண்டும் என்று ஊழியர்களே கேட்டார்கள். அப்புறம் இன்னொரு சிக்கல். ரோச் டெஸ்ட் சீரத்தை நீர்க்கச் செய்யாமல் 250 வரைதான் அளக்கும். அதற்கு மேல் போனால் "250-க்கு மேல்" என்று மட்டும் அச்சாகும். உண்மையில் 2400 இருந்து 300-க்கு இறங்கியவருக்கும் இரண்டு தடவையும் "250-க்கு மேல்" என்றே வந்திருக்கும், எனக்கு இறங்கவே இல்லை என்று அவர் சந்தோஷப்பட்டிருப்பார். நீர்க்கச் செய்து ஓட்டினால்தான் உண்மையான எண் தெரியும். உங்கள் தாளில் 640 என்று வந்திருப்பதால், ஒன்று அது வேறு கருவி, அல்லது உங்கள் ஆய்வகம் அந்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

சரி, ஏன் இறங்குகிறது? ஊசி போட்டதும் உடம்பு அவசரத்துக்கு ஏராளமான பிளாஸ்மா செல்களை உண்டாக்குகிறது. ஆன்டிபாடியைக் கொட்டுவது அவைதான். அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துப்போகும். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியும் ஏறக்குறைய 3 வாரத்துக்கு ஒரு தடவை பாதியாகும். உற்பத்தி குறைந்து, இருப்பும் கரைந்தால் எண் சரியத்தான் செய்யும். ஒரு சிறு பகுதி பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கி, குறைந்த அளவில் நீண்ட காலம் சுரந்துகொண்டிருக்கும். அதனால்தான் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது. இதற்கிடையில் கிருமியை நினைவில் வைத்திருக்கும் பி செல்களும் டி செல்களும் (நினைவு செல்கள்) உருவாகியிருக்கும். உங்கள் டெஸ்ட் அவை இரண்டையும் பார்ப்பதே இல்லை. நோயை ஐசியூ வரை போகாமல் நிறுத்துவதில் பெரிய பங்கு இவற்றுக்கு உண்டு. இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

மருத்துவமனை ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்ததில் மிகப் பெரிய வேலைகளில் ஒன்று இஸ்ரேலின் ஷேபா மருத்துவ மையத்தில் நடந்தது. ஃபைசர் தடுப்பூசி போட்ட 4,868 ஊழியர்களை ஆறு மாதம் மாதாமாதம் பின்தொடர்ந்தார்கள். ஐஜிஜி அளவு உச்சத்திலிருந்து ஏறக்குறைய 18 மடங்கு இறங்கியது. அதே ஆட்களிடம் வைரஸை முடக்கும் திறன் கொண்ட ஆன்டிபாடி சுமார் 4 மடங்குதான் இறங்கியது, அதுவும் முதல் மூன்று மாதத்தில்தான் வேகம். மொத்த ஐஜிஜி எண் பயமுறுத்தும் அளவுக்கு விழுந்தாலும், வேலை செய்கிற பகுதி அவ்வளவு விழவில்லை. ஆண்களுக்கும், 65 வயது தாண்டியவர்களுக்கும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் குறைவாக இருந்தது. கோவிஷீல்ட் வகையை எடுத்துக்கொண்டால், பிரிட்டனில் பொதுமக்களிடம் ரோச் கருவியில் பார்த்த ஓர் ஆய்வில், இரண்டாவது டோஸுக்குப் பிறகு முதல் 3 வாரத்துக்குள் நடு அளவு 1201 ஆக இருந்தது, 10 வாரம் தாண்டியவர்களிடம் 190. இரண்டரை மாதத்தில் ஆறு மடங்கு. உங்களுக்கு ஐந்து மாதத்தில் எட்டு ஒன்பது மடங்கு இறங்கியிருக்கிறது. எல்லோருக்கும் நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களைப் போன்றவர்களுக்கே உரியது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று ஊசி தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றது நீங்கள்தான். அப்போது இரண்டு டோஸுக்கு இடைவெளி 28 நாள். அதே ஆண்டு மே மாதம்தான் கோவிஷீல்டுக்கு அதை 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். இடைவெளி நீண்டால் இந்தத் தடுப்பூசி இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது இதை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் பரிசோதனைகளிலேயே தெரிந்தது. 6 வாரத்துக்குள் இரண்டாவது டோஸ் போட்டவர்களிடம் பாதுகாப்பு சுமார் 55 சதவீதம், 12 வாரம் தாண்டிப் போட்டவர்களிடம் சுமார் 81 சதவீதம். அதனால் பின்னால் வந்து போட்டுக்கொண்ட உங்கள் உறவினருக்கு உங்களைவிட அதிக எண் வந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நாட்டுக்கே அவசரமாக இருந்த நேரத்தில் முதலில் கையை நீட்டியவர்கள் குறுகிய இடைவெளியில் போட்டுக்கொண்டார்கள். இது உங்கள் உடம்பின் குறை அல்ல.

அடுத்தது கடினமான பகுதி. ஆன்டிபாடி இறங்கினால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறதா? கூடுகிறது. அதை மறைக்க முடியாது. அதே ஷேபா மையத்தில், இரண்டு டோஸும் போட்டு முடித்த பிறகும் தொற்று வந்த ஊழியர்களை ஆராய்ந்தார்கள். தொற்று வருவதற்குச் சற்று முன்போ அந்தச் சமயத்திலோ அவர்களுடைய முடக்கும் ஆன்டிபாடி, தொற்று வராத சக ஊழியர்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருந்தது. பெரும்பாலோருக்கு லேசான நோய், அல்லது அறிகுறியே இல்லை. பல தடுப்பூசிகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2021-ல் வெளியான ஒரு கணக்கு இன்னும் தெளிவாகக் காட்டியது. அறிகுறியுள்ள தொற்றிலிருந்து 50 சதவீதப் பாதுகாப்புக்கு, நோய் வந்து குணமானவர்களின் சராசரி முடக்கும் ஆன்டிபாடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. கடுமையான நோயிலிருந்து அதே 50 சதவீதப் பாதுகாப்புக்கு வெறும் 3 சதவீதம் போதும். எண் எட்டில் ஒன்றாக இறங்கினாலும் தொற்றைத் தடுப்பதில்தான் அடி விழுகிறது, மூச்சுத்திணறல் வரை போகாமல் தடுப்பதில் அவ்வளவு இல்லை.

அப்படியானால் ஓர் எல்லைக் கோடு போடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கோவிஷீல்டின் மூலமான ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசிக்கு, ஆல்ஃபா வகை வைரஸ் பரவிய காலத்தில், ஸ்பைக் (வைரஸின் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) ஆன்டிபாடி 264 பிஏயு இருந்தால் அறிகுறியுள்ள தொற்றிலிருந்து 80 சதவீதப் பாதுகாப்பு என்று 2021-ல் கணித்தார்கள். இந்த 264-ஐப் பலர் பிடித்துக்கொண்டார்கள், எங்களிடமே வந்து "நான் 264 தாண்டிவிட்டேனா" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த எண் ஒரு கூட்டத்துக்கானது. அதற்குக் கீழே இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம், மேலே இருந்தும் வந்தவர்கள் உண்டு. அதோடு ஆல்ஃபா போய் டெல்டா வந்தது, 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தது. பழைய வைரஸின் ஸ்பைக் புரதத்தை வைத்து அளக்கும் கருவியில் 264 என்று வந்தால், உருமாறிய ஸ்பைக்கை அந்த ஆன்டிபாடி எவ்வளவு பிடிக்கும் என்று கருவிக்குத் தெரியாது. தடுப்பூசிக்குப் பிறகு ஒருவருடைய பாதுகாப்பை மதிப்பிட ஆன்டிபாடி டெஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே சொன்னது இதனால்தான்.

இப்போது உங்கள் ஹெபடைடிஸ் பி கேள்விக்கு வருகிறேன். மிக நல்ல கேள்வி. மருத்துவமனையில் வேலை செய்பவருக்குத்தான் இது தோன்றும். முதலில் ஒரு திருத்தம். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஒருமுறை 10 அல்லது அதற்கு மேல் வந்துவிட்டால், எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவருக்கு அப்புறம் எண் 10-க்குக் கீழே போனாலும் மறுபடி ஊசி தேவையில்லை என்பதுதான் பொதுவான வழிகாட்டல். அங்கேயும் எண் இறங்குவதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை. காரணம் அந்த வைரஸின் வேகம். ஹெபடைடிஸ் பி உடம்பில் நுழைந்து நோயாக மாற ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை எடுக்கும். ஊசி குத்திய காயம் வழியாக வைரஸ் உள்ளே வந்தாலும், நினைவு செல்கள் விழித்து, பெருகி, புது ஆன்டிபாடி செய்ய அவகாசம் தாராளமாக இருக்கிறது. கொரோனா அந்த அவகாசத்தைத் தருவதில்லை. இரண்டு மூன்று நாளில் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடும். நினைவு செல்கள் வேலையை ஆரம்பிப்பதற்குள் சளி, காய்ச்சல் வந்துவிடும். ஆனால் நுரையீரல் வரை நோய் இறங்கி முற்ற ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் அவை வந்துவிடுகின்றன. தடுப்பூசி போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தும் ஆக்சிஜன் தேவைப்படாமல் போனதற்குப் பெரிய காரணம் இந்த நாள் கணக்குதான். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்புரதம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை, அதனால் 10 என்ற எண் நிலைத்து நின்றது. வருடத்துக்கு வருடம் உருமாறும் வைரஸுக்கு அப்படி நிலையான எண் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் தோழிக்கு. இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்களிடம் கோவிஷீல்ட், கோவாக்சின் இரண்டையும் ஒப்பிட்ட கோவாட் ஆய்வில் இரண்டு டோஸுக்குப் பிறகு 515 பேரைப் பார்த்தார்கள். கோவிஷீல்ட் போட்டவர்களில் 98.1 சதவீதமும் கோவாக்சின் போட்டவர்களில் 80 சதவீதமும் ஆன்டிபாடி பாசிட்டிவ். 60 வயது தாண்டியவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் பாசிட்டிவ் விகிதம் குறைவு. இதைப் பத்திரிகைகள் எதற்கு வெற்றி என்ற தலைப்பில் போட்டன. ஆனால் அந்த ஆய்விலேயே கோவாக்சின் போட்டவர்களுக்குத் தொற்று அதிகமாக வரவில்லை. கோவாக்சின் பிரிவில் ஆட்கள் குறைவு என்பதால் அதை வைத்துக் கோவாக்சின் மேல் என்றும் சொல்ல முடியாது. கோவிஷீல்ட் ஸ்பைக் புரதத்தை மட்டும் உடம்புக்குக் காட்டுகிறது, கோவாக்சின் செயலிழக்க வைத்த முழு வைரஸ். முழு வைரஸைப் பார்த்த உடம்பு மற்ற பகுதிகளுக்கு எதிராகவும் ஆன்டிபாடி செய்யும். ஸ்பைக்கை மட்டும் அளக்கும் கருவியில் அந்தப் பகுதி எண்ணில் சேராது. உங்கள் தோழியின் எண் குறைவு என்பது உண்மை, ஊசி வீண் என்பது உண்மை அல்ல.

இதே வேறுபாடு தொடர் ஆய்வு செய்பவர்களுக்கு வேறொரு தலைவலியைத் தந்தது. ஊழியர்களின் வரைபடத்தைப் பார்த்தால் சிலருக்கு மூன்றாம் மாதத்தில் எண் இறங்காமல் திடீரென்று ஏறியிருக்கும். ஊசி போட்ட பிறகு அந்த எண் தானாக ஏறுவதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா அலை அடித்தபோது சத்தமில்லாமல் தொற்று வந்து போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நியூக்ளியோகாப்சிட் என்ற உள் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தனியாகப் பார்ப்போம். கோவிஷீல்ட் அதை உண்டாக்காது, ஆகவே பாசிட்டிவ் வந்தால் உண்மையான வைரஸ் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். கோவாக்சின் போட்டவரிடம் இந்த வழி அடைபட்டுவிடும், ஏனென்றால் தடுப்பூசியே அந்த ஆன்டிபாடியைத் தரக்கூடும். அதோடு இது வேகமாக மறையக்கூடியது என்பதால் நெகட்டிவ் வந்தால் தொற்றே வரவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஊசிக்கு முந்தைய நிலையும் முக்கியம். 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) எடுத்த தேசிய சீரம் கணக்கெடுப்பில், சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு ஊசி போடுவதற்கு முன்பே ஆன்டிபாடி இருந்தது. ஏற்கெனவே தொற்று வந்தவருக்கு ஒரே டோஸில் எண் எகிறிவிடும், வராதவருக்கு இரண்டு டோஸ் தேவைப்படும். முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுக்காத ஆய்வு இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். உங்களிடம் ஊசிக்கு முன் ரத்தம் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் அந்தக் குப்பிதான் நான்கில் மிக மதிப்புள்ளது.

ஆய்வை விட்டு விலகிப்போனவர்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆறாம் மாதம் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் யார்? நைட் டியூட்டி முடித்தும் காத்திருந்து கொடுத்தவர்கள், தன் எண்ணைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள். வேலையை விட்டவர்கள், தொற்று வந்து வீட்டில் இருந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்த துப்புரவுப் பணியாளர்கள் பலர் வரவில்லை. வார்டில் அதிக நேரம் இருந்தும் ஆய்வில் குறைவாக இடம்பெற்றவர்கள் அவர்கள்தான். வந்தவர்களின் சராசரி வராதவர்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

எண்கள் எப்படிப் பயன்படுத்தப்பட்டன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு மருத்துவமனையில் ஊழியர்களின் ரிசல்டை எண்ணோடும் பெயரோடும் ஒரே எக்செல் தாளாக வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். குறைவாக வந்த பெண் அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்று அவர் தோழி சொன்னார். அதிகமாக வந்த சிலர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டார்கள். இரண்டுமே அந்த எண் சொல்லாத செய்தி. ஆய்வுக்கு ஒப்புதல் வாங்கும்போதே இந்த எண் உங்கள் பாதுகாப்பைச் சொல்லாது என்று உட்கார்ந்து பேசிப் புரிய வைத்திருக்க வேண்டும். ஒருவருடைய ரிசல்ட் அவர் கைக்கு மட்டும் போயிருக்க வேண்டும். ஊசி போட்டு எனக்குக் காய்ச்சலே வரவில்லை, அதனால்தான் டைட்டர் (ஆன்டிபாடி அளவு) குறைவு என்று நம்பியவர்களையும் பார்த்தேன். சில ஆய்வுகளில் லேசான தொடர்பு தெரிந்தது உண்மை, ஆனால் காய்ச்சல் வராதவர்களுக்கும் ஆன்டிபாடி நன்றாகவே வந்தது.

ஊசி வேலை செய்ததா என்பதற்கு நான் நம்பும் சாட்சி ரத்த ட்யூபில் இல்லை, அட்மிஷன் பதிவேட்டில் இருக்கிறது. வேலூர் சிஎம்சி தன் ஊழியர்களின் கணக்கை 2021-லேயே வெளியிட்டது. பெரும்பாலோருக்குக் கோவிஷீல்ட். பிப்ரவரி கடைசி வாரம் முதல் மே மாதம் நடுப்பகுதி தாண்டும் வரை, அதாவது இரண்டாவது அலையின் உச்சத்தில், இரண்டு டோஸ் முடித்த 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வந்தது, 9.6 சதவீதம். ஊசி போடாதவர்களில் 27 சதவீதத்துக்கு வந்தது. இரண்டு டோஸ் முடித்தவர்களில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் 4 பேர், ஐசியூ போனவர்கள் 2 பேர். தொற்றைத் தடுப்பதில் 65 சதவீதம், ஆஸ்பத்திரியில் சேர்வதைத் தடுப்பதில் 77, ஆக்சிஜன் தேவையைத் தடுப்பதில் 92, ஐசியூவைத் தடுப்பதில் 94 சதவீதம் என்று கணக்கு வந்தது. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் மற்ற விஷயங்களில் ஒரே மாதிரி இருந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது, அந்தக் குறை இதில் உண்டு. ஆனாலும் 65-க்கும் 94-க்கும் இடையிலுள்ள அந்த ஏற்றத்தைப் பாருங்கள். உங்கள் 640-ம் 74-ம் சொல்ல முடியாததை அது சொல்கிறது.

அப்படியானால் ஊழியர்களைத் தொடர்ந்து அளந்ததால் யாருக்கு லாபம்? கொள்கை வகுப்பவர்களுக்கு. நான்கு ஐந்து மாதத்தில் எல்லோருக்கும் இறங்குகிறது, வயதானவர்களுக்கு இன்னும் கீழே போகிறது என்பதை முதலில் காட்டியவர்கள் ஊழியர்கள்தான், ஏனென்றால் முதலில் ஊசி போட்டவர்களும் தவணை தவறாமல் ரத்தம் கொடுக்கக் கிடைத்தவர்களும் அவர்கள்தான். மூன்றாவது டோஸ் வேண்டும் என்ற வாதத்துக்கு இது பலம் சேர்த்தது. இந்தியாவில் 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கை டோஸ் கொடுத்தபோது யாரிடமும் டைட்டர் கேட்கவில்லை, இரண்டாவது டோஸ் முடிந்து 9 மாதம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள். அதுதான் சரி. பல்லாயிரம் பேரின் வரைபடம் எப்போது போட வேண்டும் என்று சொல்லிவிட்ட பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குத்திப் பார்க்கத் தேவையில்லை. எண்ணை மட்டும் துரத்தினால் எங்கே போய் முடியும் என்பதையும் ஷேபா மையமே காட்டியது. நான்காவது டோஸ் போட்டு ஆன்டிபாடியை மறுபடி உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒமிக்ரான் தொற்றைத் தடுப்பதில் ஃபைசருக்கு 30 சதவீதம், மாடர்னாவுக்கு 11 சதவீதம்தான் பலன் கிடைத்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து எடுப்பவர்கள் இரண்டு மூன்று டோஸ் போட்டும் ஆன்டிபாடியே உண்டாகாமல் இருக்கலாம். 74-க்கும் 640-க்கும் இடையிலுள்ள வேறுபாடு அவர்களுக்கும் பெரிதல்ல, ஆனால் சுத்தமாக இல்லை என்பது ஒரு செய்தி. பிரிட்டனின் ரெகவரி பரிசோதனையில், ஆஸ்பத்திரியில் சேரும்போது ஆன்டிபாடி இல்லாத நோயாளிகளுக்கு ஆய்வகத்தில் தயாரித்த மோனோக்ளோனல் ஆன்டிபாடிக் கலவை கொடுத்தபோது இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அந்தக் கலவை ஒமிக்ரானுக்கு எடுபடவில்லை என்பது தனிக் கதை. டெஸ்ட் ரிசல்ட் ஒரு சிகிச்சை முடிவை மாற்றிய அபூர்வமான இடம் அது. உங்களுக்கோ தோழிக்கோ இப்படிப்பட்ட மருந்து ஏதும் இருந்தால் பொது விதியை விட்டுவிட்டு உங்கள் சிறப்பு மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்றைக்கு டெஸ்ட் எடுப்பது பற்றி. ஊசி, நடுவில் தெரிந்தும் தெரியாமலும் வந்துபோன தொற்றுகள் என்று எல்லாம் சேர்ந்து இப்போது ஏறக்குறைய எல்லோருமே பாசிட்டிவ்தான். உங்களுக்கு ஆயிரக்கணக்கில்கூட வரலாம். அது பழைய ஸ்பைக்குக்கு எதிரான எண், இப்போது சுற்றும் வகைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் தீராத கேள்வி. எம்ஆர்என்ஏ (ஃபைசர், மாடர்னா வகை) தடுப்பூசி பலமுறை போட்டவர்களிடம் ஐஜிஜி4 என்ற துணைவகை கூடுவதை ஜெர்மனியில் கண்டார்கள், அது நல்லதா கெட்டதா என்பதிலும் முடிவு வரவில்லை. பணம் செலவழித்து அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அந்தப் பணத்தில் நன்றாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் சில வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வார்டில் நிற்கும்போது உதவும். நீரிழிவு இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள். அறிகுறி இருக்கும் நாளில் டயாலிசிஸ், புற்றுநோய் வார்டுப் பக்கம் டியூட்டி போகாமல் மேலாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வை நடத்தியவர்கள் இன்னும் அதே மருத்துவமனையில் இருந்தால் ஒருமுறை போய்க் கேளுங்கள். எந்தக் கருவி, எந்த அலகு, மூன்று சாம்பிளும் ஒரே ஓட்டத்தில் ஓட்டப்பட்டனவா, நியூக்ளியோகாப்சிட் பார்த்தார்களா, மீதியிருக்கும் சீரம் எங்கே, எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள், முடிவு எங்கே வெளியானது. ரத்தம் கொடுத்தவர் என்ற முறையில் இதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் கிடைத்தால், அலகையும் கருவியின் பெயரையும் இங்கே எழுதுங்கள், உங்கள் மூன்று எண்களையும் பிஏயு-வுக்கு மாற்றித் தருகிறேன்.